கிளுவை வேலி

அடிச்சுத்தானுங்க அம்மிணி காப்பாத்துனேன். வந்ததுல இருந்து இந்த வேலிய எப்படிக் காப்பாத்துனீங்க, எப்படிக் காப்பாத்துனீங்கன்னு கேக்கறீங்க. தண்ணி ஊத்தியா காப்பாத்த முடியும்? கிளுவைக்குத் தண்ணியே வேண்டாமுங்க. மானத்துல இருந்து விழுகறது போதும். அதுக்கு வேண்டியது ஒரு ஆளு. கையில கொடுவாளோட நிக்கறதுக்கு ஒரு ஆளு. அது நாந்தான்.

உக்காருங்க. அந்தக் கயித்துக் கட்டல இழுத்துப் போட்டு நெழல்ல உக்காருங்க. போனுல பதிவு பண்றதுன்னாலும் பண்ணிக்குங்க. உங்க இயற்கைச் சங்கத்துல மேடையேத்திப் பொன்னாடை போத்தறோம்னு சொல்றீங்க. நல்லதுங்க. ஆனா அதுக்கு முந்தி நடந்தது பூராவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும். இல்லீன்னா ஊருக்குள்ள போனீங்கன்னா ஆளுக்கு ஒன்னு சொல்லுவாங்க. வேலாத்தாளா, அவ மனுசியான்னுகூடச் சொல்லுவாங்க. நானாப் போயி யாரையும் தொட்டதில்லீங்க. அத மொதல்ல சொல்லிப்போடறேன்.

இது கொறங்காடு. உழுது வெதைக்கற காடில்ல, ஆடு மாடு மேயற காடு. என்ற மாமனாரு சாகறதுக்கு முந்தி ரெண்டு பசங்களுக்கும் பிரிச்சுக் குடுத்தாரு. மேக்கால பாதி எங்கூட்டுக்காரருக்கு. நாச்சிமுத்துன்னு பேரு. கெழக்கால பாதி அவரு தம்பிக்கு, என்ற கொழுந்தனாரு தெய்வசிகாமணி. நடுவால ஓடறது இந்த வேலி.

நான் கல்யாணம் பண்ணி வந்தப்ப ஆள் ஒசரம் நிக்குமுங்க. கிளுவை மட்டுமில்ல. உள்ள பூந்து பாத்தா தொரட்டி, காரை, சூரை, களா, ஆதண்டை. மேல பிரண்டையும் கோவையும் படந்து கெடக்கும். அடியில கௌதாரி முட்டை வெக்கும். பொறகு மழை பொய்ச்ச வருசங்க வந்துச்சு. வேலி எளச்சுது. எளச்ச எடத்துல சீமக்கருவேலம் ஏறுச்சு. அது ஏறுச்சுன்னா மத்தது ஒன்னும் பொழைக்காதுங்க.

அத ஒழிச்சது நானும் என்ற ஓரகத்தியும்தான். ஓரகத்தின்னா தெய்வசிகாமணி சம்சாரம், கோகிலான்னு பேரு. வெட்டுனாச் சாகாது அம்மிணி அந்தச் சனியன். தூரோட பறிக்கோணும். கடப்பாரையப் போட்டு நெம்பி, வேரு விடாம நோண்டி, மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்துவோம். அது எரியறதப் பாக்கறதுல எனக்கு ஒரு சந்தோசம், பொய் சொல்ல மாட்டேன். அதோட முள்ளு கால்ல ஏறுனா ஒடஞ்சு உள்ளயே நின்னு சீப் புடிச்சுக்கும். கோகிலா என்ற காலத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு ஊக்குல நோண்டி எடுப்பா. நான் கத்துனா அவளுக்குக் கண்ணுல தண்ணி வரும். எளகுன மனசு. அதுதான் அவகிட்ட இருக்கற கொறை.

பொறகு கிளுவைப் போத்து, நடறதுக்கான கொம்புங்க, அத வெட்டித் தலச்சுமையாக் கொண்டாந்து நட்டோம். காரையும் தொரட்டியும் சும்மா வெதை போட்டா மொளைக்காது. ஆடு தின்னு கழிச்ச கொட்டைதான் மொளைக்கும். கோகிலா பட்டியில உக்காந்து புழுக்கையக் கிளறிக் கொட்டை பொறுக்குவா. அப்படி வளத்த வேலிங்க இது. எனக்கு ஒரு மக இருக்கறா, திருப்பூருல கட்டிக் குடுத்திருக்குது. அவளுக்குக்கூட நான் இத்தன பாடு பட்டதில்ல.

அப்பறம் கொழுந்தனாரு அவரு பாதியச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு உட்டுப்போட்டாரு. மாட்ட வித்தாச்சு, காட்டுல ஒன்னும் வெளையல, என்ன பண்றதுன்னாரு. அவரு நெலம், அவரு இஷ்டம். நான் ஒன்னும் சொல்லல. ஆனாக் கம்பெனிக்காரனுக்கு வேலி ஆகாதாம். வேலியில இருந்து எலி வந்து வயரக் கடிக்குமாம். கல்லு நட்டுக் கம்பி இழுக்கறானாம்.

கொழுந்தனாரு எங்கூட்டுக்கு வந்தாரு. நல்லாத்தான் பேசுனாரு.

"நங்கை, வேலி பொதுவுல நிக்குது, பாதி என்றது. அண்ணங்கிட்டக் கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

நங்கைன்னா அண்ணிங்க, எங்க பக்கம்.

"நான் என்னத்தச் சொல்லோணும்?"

"குச்சி குச்சியா நிக்குது. ஒரு எல இல்ல. செத்துப்போன வேலிக்கு எதுக்குங்க நங்கை மல்லுக்கட்டோணும்?"

அது சித்திரை மாசமுங்க. கிளுவை சித்திரையில எலையெல்லாம் உதுத்துட்டு அப்படித்தான் நிக்கும். ஒரு மழை பேஞ்சா மறுபடியும் தளுத்துக்கும். இந்தக் காட்டுலயே பொறந்து வளந்த மனுசன் அதச் செத்துப்போச்சுங்கறாரு. எனக்குப் பொறுக்கல. கையில மோருச் சொம்பு இருந்துச்சு. வீசுனேன். நெத்தியில பட்டுச்சு. பெருசா ஒன்னுமில்லீங்க, ரெண்டு தையல் போட்டாங்க. மோரு பூராவும் சட்டையில ஊத்தி, ரத்தமும் அதுவும் கலந்து, பாக்கறதுக்குத்தான் அப்படி இருந்துச்சு.

எங்கூட்டுக்காரரு துண்ட எடுத்து அவரு தம்பி நெத்தியில வெச்சு அமுக்கிட்டு என்னப் பாத்தாரு. அவரு எப்பவுமே பேச மாட்டாரு.

ஆனியில ஒரு சாரல் விழுந்துச்சு. நான் சொன்னாப்புல வேலி பூராவும் பச்சை கட்டிக்கிச்சு. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. கொழுந்தனாரக் கூப்புட்டுக் காட்டோணும்னு இருந்துச்சு. அப்பறம் ஒரு நா வெடியாலப் போயிப் பாக்கறேன், வடக்கு முக்குல எலையெல்லாம் வெந்தாப்புலச் சுருண்டு கெடக்குது. கிட்டப் போனா மருந்து நாத்தம். களைக்கொல்லி. எவனோ அடிச்சிருக்கறான்.

காவல் இருந்தேன். வந்தான். கூலிக்கு மருந்தடிக்கற ஆளு, முதுகுல டேங்க்கு கட்டிக்கிட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பீடியக் கடிச்சுக்கிட்டு. பொறத்தால போயி ஒரே அடி. கிளுவைக் கட்டையிலயே அடிச்சேன், அதுதானுங்களே நாயம். குப்புற விழுந்தான். டேங்க்க அவன் முதுகுலயே வெச்சு மிதிச்சு ஒடச்சேன். மருந்து பூராவும் அவன் மேல ஊத்துச்சு. "வேண்டாங்காத்தா, கூலிக்கு வந்தவனுங்காத்தா"ன்னு அழுதான். கூலிக்கு வந்தா உட்டுரோணுமா? கால்ல ஏறி நின்னுக்கிட்டு, மிச்சமிருந்தத எடுத்து, வாயத் தொறடா, எப்படி இருக்குதுன்னு நீயே குடிச்சுப் பாருன்னேன். எங்கூட்டுக்காரரு ஓடியாந்து என்ன இடுப்போட தூக்கிட்டு வந்தாரு. இல்லீன்னா ஒரு மடக்காச்சும் குடிச்சிருப்பான்.

அந்தாளுக்கு முதுகுத் தோலு உரிஞ்சுபோச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. உரியட்டும். தோலு வளந்துக்கும். என்ற ஆதண்டை ஒன்னு தூரோட கருகிப்போச்சுங்க. பூத்தா வெள்ளையாப் பூத்துப் பொழுதோட ரோசாக் கலருக்கு மாறும். அது போனது போனதுதான். அத ஒரு ஆளு வந்து விசாரிக்கல.

கொழுந்தனாரு அன்னிக்கே வந்தாரு. குடிச்சிருந்தாரு. வந்ததும் என்ற கொண்டையப் புடிச்சாரு. தரதரன்னு இழுத்துட்டுப் போயி, இந்த வேலிதான வேணும், இந்தா வெச்சுக்கன்னு மொகத்த முள்ளுல வெச்சுத் தேச்சாரு. இதா, இந்தத் தழும்பெல்லாம் அதுதான். கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன், அதனால கண்ணு தப்பிச்சுது. எங்கூட்டுக்காரரு வந்து நடுவுல பூந்தாரு. தம்பி கைய மடக்கி அண்ணன் வாயிலயே குத்துனாரு. அவரு மல்லாக்க விழுந்து, தண்ணித் தொட்டி வெளும்புல மண்டை அடிச்சு, முன்னால பல்லெல்லாம் கையில துப்புனாரு.

பொறந்ததுல இருந்து அண்ணன எதுத்து ஒரு சொல்லுச் சொன்னதில்ல தெய்வசிகாமணி. அவரு கையவே பாத்துக்கிட்டு நின்னாரு. பொறகு ஓன்னு அழுதுக்கிட்டே போயிட்டாரு.

எங்கூட்டுக்காரரு நாலு நாளு கஞ்சி மட்டும் குடிச்சாரு. அப்பறம் ஒரு நா என்னக் கூப்புட்டாரு.

"வேலிய உட்டுரு வேலாத்தா. எனக்கு என்ற தம்பி வேணும்."

"அப்ப நான் வேண்டாமா?"

"நீயும் வேணும். அதனாலதான் சொல்றேன்."

பல்லு போனதுல அவருக்குப் பேச்சுச் சரியா வரல. அதனால நானும் அதப் பெருசா எடுத்துக்கல.

ஆடி பொறந்துச்சு. ஒரு நா பொழுதோட கோகிலா வந்தா. முக்காட்டப் போட்டுக்கிட்டுப் பயந்து பயந்து வந்தா. "அக்கா, நாளைக்கு மிசினு வருது. நீ ஊட்டுல இருந்துக்க. வெளிய வராத. அவரு நல்ல புத்தியில இல்ல, உன்னக் கொன்னுபோடுவாரு"ங்கறா. கையப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுவாச்சி. நான் புரிஞ்சுக்கிட்டேன். பொண்டாட்டிய அனுப்பி மெரட்டிப் பாக்கறாரு. சரி போ, நான் பாத்துக்கறேன்னு அனுப்பிப்போட்டேன்.

வெடியால எந்திரிச்சு வேலி முக்குக்குப் போனேன். சதுரக்கள்ளி நிக்குது பாருங்க அங்க, அதக் கொடுவாள்ல கீறிக் கீறி ஒரு சொம்புல பாலு புடிச்சேன். கள்ளிப்பாலு கையில பட்டாலே கொப்பளிச்சுரும். எதுக்குப் புடிச்சேன்னு கேக்காதீங்க. ஒரு பொம்பள ஒத்தையில நிக்கறப்பக் கையில ஏதாச்சும் வேணுமில்லீங்களா.

மிசினு வந்துச்சு. மஞ்சக் கலருப் பொக்லைன். அது ஒரு கை வெச்சுதுங்க. ஒரே கை. நானும் கோகிலாவும் மழையில நனைஞ்சுக்கிட்டு நட்டது பூராவும் ஒரே கையில மண்ணோட மேல போயிருச்சு. கிளுவைய ஒடிச்சா ஒரு வாசம் வரும், தெரியுங்களா உங்களுக்கு? நல்ல வாசம். காடு பூராவும் அந்த வாசம். கௌதாரி முட்டையெல்லாம் நசுங்கி மஞ்சளா ஓடுது. ஒரு உடும்பு ரெண்டாப் போயி, பொறத்தாலப் பாதி இங்க துடிக்குது, தலைப் பாதி அங்க வாயத் தொறந்து தொறந்து மூடுது.

நான் போயி மிசினுக்கு முன்னால நின்னேன். டிரைவரு கத்துனான். கல்ல எடுத்துக் கண்ணாடிய ஒடச்சேன். கண்ணாடிச் சில்லு அவன் மூஞ்சியெல்லாம் பட்டு ரத்தம். மிசின நிறுத்திப்போட்டு அந்தப் பக்கமாக் குதிச்சு ஓடிட்டான்.

அப்பத்தான் தெய்வசிகாமணி வந்தாரு. மம்முட்டிய ஓங்கிக்கிட்டு வந்தாரு. மொத அடி இந்தத் தோள்ல. நான் விழுகல. கொடுவாள வீசுனேன். அவரு கை, மணிக்கட்டுக்கு மேல, தொறந்துக்கிச்சுங்க. உள்ள வெள்ளையா எலும்பு தெரிஞ்சுது. ரத்தம் ஒரு நொடி கழிச்சுத்தான் வந்துச்சு, அத நான் பாத்தேன். ஒத்தக் கையிலயே மம்முட்டிய மறுபடியும் தூக்குனாரு. என்ற தலைக்குத்தான் தூக்குனாரு. நான் குனிஞ்சு, கால்கிட்ட வெச்சிருந்த பாலுச் சொம்ப எடுத்தேன். அவரு கண்ணப் பாத்து ஊத்துனேன்.

கோகிலா எங்கிருந்து வந்தான்னு தெரியல. நடுவுல பூந்து என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. மூஞ்சி என்ற பக்கம், முதுகு அவ புருசன் பக்கம். பாலு பூராவும் அவ கண்ணுல. மம்முட்டி அவ தோள்ல. தோள்பட்டை எலும்பு ஒடஞ்ச சத்தம் என்ற காதுலயே கேட்டுச்சு, அவ்வளவு கிட்டத்துல இருந்தா.

எதுக்கு நடுவுல வந்தா? அதுதான் எனக்கு இன்னிக்கும் வெளங்கல. என்ன அமுக்கிப் புடிச்சு அவ புருசனுக்குக் காட்டிக் குடுக்க வந்திருக்கறா, வேற எதுக்கு. ஊருல வேற மாதிரி சொல்றாங்க. எனக்கு விழுக வேண்டிய அடியத் தான் வாங்கிக்க வந்தாளாம். சொல்றவிய அங்க இருந்தாங்களா? நானில்ல இருந்தேன்.

மண்ணுல விழுந்து உருண்டா. கண்ணக் கையால கசக்கிக் கசக்கி, கசக்காதடின்னு நான் கத்தறேன், கேக்கல. கசக்குனா இன்னும் உள்ள போயிரும். அவளுக்கு அது தெரியும், தெரிஞ்சும் கசக்கறா. அவ புருசன் மம்முட்டியப் போட்டுட்டு, ரத்தம் ஒழுகற கையோட அவளத் தூக்கறாரு, தூக்க முடியல. எங்கூட்டுக்காரரு ஓடியாந்தாரு. அண்ணனும் தம்பியும் ரெண்டு பக்கமும் புடிச்சுத் தூக்கிட்டு ஓடுனாங்க. ரெண்டு பேரும் ஒன்னாப் போனத அன்னிக்குத்தான் மறுபடியும் பாத்தேன். என்ன ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. என்ற தோள்லயும் ரத்தம் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

கோகிலாவுக்கு ஒரு கண்ணு போயிருச்சு. இன்னொன்னுல வெளிச்சம் மட்டும் தெரியுமாம், ஆளு தெரியாதாம்.

போலீசு டேசன்ல இருந்து வந்து அவகிட்டக் கேட்டாங்க. கால் தடுக்கிக் கள்ளியில விழுந்துட்டேன், தோளும் அப்பத்தான் ஒடஞ்சுதுன்னு சொல்லிப்போட்டா. அவ புருசன் கையில பட்ட கொடுவாள் வெட்டுக்கும் ஏதோ சொல்லிச் சமாளிச்சா. கேசு இல்லாமப் போச்சு. புருசனக் காப்பாத்தோணுமில்லீங்களா, அதுக்குச் சொன்ன பொய்யி. எனக்காகவும் சேத்துச் சொன்னான்னு சொல்றாங்க. நான் நம்பல. தப்பு அவிய மேலன்னு அவளுக்கே தெரியும், அதான்.

ரத்தம் விழுந்த நெலம் வேண்டாம்னு கம்பெனிக்காரன் வேற ஊருக்குப் போயிட்டான். கொழுந்தனாருக்குக் கை மடங்கறதில்ல, அந்தக் காடு சும்மாதான் கெடக்குது. எங்கூட்டுக்காரரு ஆசுபத்திரியில கோகிலாவுக்குத் தொணையா இருந்தவரு, அங்கிருந்தே திருப்பூருக்கு மகளூட்டுக்குப் போயிட்டாரு. துணிமணி எடுக்கக்கூட வரல. அவருக்கு அங்க தண்ணி ஒத்துக்குதாம். மகளும் பேசறதில்லீங்க. வேலை சாஸ்தியாம். நேரம் கெடைக்கறதில்லையாம்.

ஆனா வேலி நிக்குது. பாத்தீங்களா? நிக்குதில்ல?

மிசினு பேத்த எடத்துல ஐப்பசி மழைக்கு மறுபடியும் நட்டேன். நான் ஒருத்தியே நட்டேன். முந்தி அந்த எடத்துலதான் கடவு இருந்துச்சு. கடவுன்னா வேலியில ஆளு ஒருக்களிச்சுப் போற சந்துங்க. கொழம்புக் கிண்ணம் போறதும் வர்றதும், கோகிலா வர்றதும் போறதும் அதுல தான். இந்தத் தடவ கடவு வெக்கல. நெருக்கமா நட்டு, நடுவுல சூரையும் போட்டேன். எதுக்குங்க கடவு? அதுல தானுங்களே நாயும் நரியும் பூந்து வருது.

போன மாசம் ஒரு நா பொழுதோட ஆட்டப் பட்டியில அடைச்சுட்டு அந்தப் பக்கம் போனேன். வேலிக்கு அக்கட்ட ஆளு சத்தம். எல சந்துல பாத்தேன். கோகிலா. கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரு கையால வேலியத் தடவிக்கிட்டே வர்றா. அந்த எடத்துக்கு வந்து நின்னா. தடவறா, மேல தடவறா, கீழ தடவறா. கடவக் காணாம்.

"அக்கா"ன்னா.

நான் பேசல.

"அக்கா, இக்கட்ட இருக்கறயா? ஆட்டு மணி கேட்டுச்சு."

பேசுனா அழுவா. அழுதா அவ கண்ணுக்கு ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கறதா ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்க. அதனாலதான் நான் பேசல. மூச்சக்கூட மெதுவாத்தான் உட்டேன்.

பொறகு கைய வேலிக்குள்ள உட்டாளுங்க. முழங்கை வரைக்கும், அப்பறம் தோளு வரைக்கும். கிளுவை முள்ளும் சூரை முள்ளும் கீறுது, எனக்குக் கேக்குது. நிறுத்தல. கை இக்கட்ட வந்துருச்சு. என்ற மொகத்துக்கு நேரா, விரல விரிச்சுக்கிட்டு, காத்துல தொழாவுது. ரத்தம் சொட்டுச் சொட்டா என்ற கால் விரல்ல விழுந்துச்சு. சூடா இருந்துச்சு.

நான் அந்தக் கையவே பாத்துக்கிட்டு நின்னேன்.

ரொம்ப நேரம் அப்படியே நீட்டிக்கிட்டு இருந்தா. பொறகு இழுத்துக்கிட்டுப் போயிட்டா.

அவ கை உட்ட எடத்துல ரெண்டு போத்து முறிஞ்சு தொங்குச்சுங்க. வேரு புடிக்கற நேரத்துல அசைக்கலாமா? வெடியால மொத வேலையா அதப் புடுங்கிப்போட்டு, வேற வெட்டியாந்து நட்டேன். இப்ப நல்லாத் தளுத்துருச்சு. எந்திரிங்க, காட்டறேன். போட்டோ எடுக்கறதுன்னா அந்த எடத்துலயே எடுத்துக்குங்க, அங்கதான் நல்லா அடர்த்தியா இருக்குது.